அங்கே எட்டு, இங்கே ஒன்பதரை

பாயான் லெப்பாஸில் மூன்றாம் லைன்.
நான் சாலிடர் பார்க்கிறேன்,
ஏ மியாட் பக்கத்து லென்ஸில் கண்ணை வைத்திருக்கிறாள்.
மண்டலேயில் எட்டு என்றால் இங்கே ஒன்பதரை.
ஒன்றரை மணி நேரம்,
அவ்வளவுதான் தூரம் என்பாள்.

அந்த எட்டு மணிக்கு அங்கே
வீடு வீடாய்ச் சட்டி தட்டுகிறார்களாம்.
பேய் ஓட்டும் பழைய வழக்கம்.
இந்த முறை பேய்க்குப் பூட்ஸ் இருக்கிறது.

ஹாஸ்டலில் இவர்களும் தட்டினார்கள், மூன்று இரவு.
நான்காம் நாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்:
சத்தம் கூடாது. மீறினால் பெர்மிட் ரத்து.
மலாயில் ஒரு முறை, பர்மிய மொழியில் ஒரு முறை.
தமிழில் இல்லை.
என்னைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு கேட்டுக்கு வெளியே
பர்கர் கடை விளக்கடியில்
அவள் சட்டியை நான் வாங்கினேன்.
அலுமினியம். அடி கருகியது. ஒரு காது இல்லை.
என் பையில் நீல அட்டை இருக்கிறது,
என்னை எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள்?
(அனுப்பத் துடிக்கிறவர்களும் உண்டு, அது வேறு கதை.)
கரண்டியால் தட்டினேன்.
முதலில் வெட்கமாக இருந்தது.
நாய் குரைத்தது.
பர்கர்க்காரன் ஃபவுஸி
முட்டை புரட்டும் தட்டகப்பையால்
தன் கல்லில் இரண்டு தட்டு தட்டினான்,
எதற்கென்று கேட்காமல்.
மேலே மூன்றாம் மாடியில்
கம்பிக்கு வெளியே கைகளை நீட்டிப்
பதினேழு பெண்கள்
வெறுங்காற்றில் தட்டிக்கொண்டிருந்தார்கள்,
சத்தமே இல்லாமல்.

ரோந்து கார் நின்றது.
கோப்ரல் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.
"யார் நாட்டுச் சண்டை இது, உங்களுக்கென்ன?"

எனக்கென்ன.

என் அண்ணன் தர்மசீலன்
விசாரணையில்லாமல் கமுந்திங்கில் பதினான்கு மாதம்.
காரணம் கேட்டோம்,
தாளில் ஒரு சட்டத்தின் எண் இருந்தது.
சொந்தக்காரர்கள் எங்களைக் கண்டால் தெரு மாறினார்கள்.
அப்போதுதான் வந்தது அந்த அட்டை.
பனி மூடிய துறைமுகப் படம்.
எழுதியவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
அவர் ஊர்ப் பெயரில்
வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு.
அடுத்த வாரம் நாற்பது அட்டை.
அப்புறம் சாக்கில்.

கதவு திறக்கவில்லை.
அதில் பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் எண்ணைச் சொல்லியே கூப்பிடும் வார்டன்
ஒரு நாள் காலையில் "தர்மா" என்றானாம்.
தபால் பிரித்துப் பிரித்து
வாய்க்குப் பழகிவிட்டிருக்கிறது.

இதையெல்லாம் கோப்ரலிடம் சொல்லவில்லை.
"சட்டி அடிபிடிச்சிடுச்சு, தட்டி எடுக்கிறேன்" என்றேன்.
சட்டியைப் பார்த்தார்.
ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார்.
கண்ணாடி ஏறியது.

ஏ மியாட்டின் தம்பி பெயர் ஸோ வின் டூன்.
பத்தொன்பது வயது, மோட்டார் சைக்கிள் மெக்கானிக்.
எந்தச் சிறை என்று தெரியும்,
எந்தக் கட்டடம் என்று தெரியாது.
கேண்டீன் மேசையில் அட்டைகளைப் பரப்பினோம்,
எல்லாம் பினாங்குப் பாலம், ஒன்று பத்துச் சென் குறைவாக.
கோமளவல்லி தமிழிலேயே எழுதினாள்: சாப்பிட்டாயா?
ரொஸ்னானி ஒரு பூனை வரைந்தாள்.
பத்து நிமிட இடைவேளை பதினெட்டு ஆனதை
சூப்பர்வைசர் மிஸ் கூய் எழுதிக்கொள்ளவில்லை.

அஞ்சலகத்தில் அந்தப் பையன் சொன்னான்,
போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை.
தெரியும் தம்பி. முத்திரையைக் குத்து.
வழியில் எத்தனை பேர் பிரிப்பார்களோ
அத்தனை பேரும் அந்தப் பெயரைப் படிக்கட்டும்.

இன்றைக்கும் ஏ மியாட் என்னைத் திருத்தினாள்.
டூன் இல்லை,
நாக்கை மேலே வைத்து, மூச்சைச் சேர்த்து விடு.
விட்டேன்.
இன்னும் சரியில்லை என்றாள், சிரிப்பு வந்தது அவளுக்கு,
ஐந்து வாரத்தில் முதல் தடவை.

ஒன்பது இருபத்தெட்டு.
ஃபவுஸி தட்டகப்பையைத் துடைத்து
கையிலேயே வைத்திருக்கிறான்.
மணி ஆச்சா என்கிறான்.